‘தீராத வயிற்று வலி’ என்று எழுதி முடிக்கலாமா?

செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தை வாசிக்கிற எவருக்கும் அந்த வாக்கியம் பழக்கமானது. ‘தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த கூலித் தொழிலாளி மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். போலீசார் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர்.’ வயிற்று வலி இல்லையென்றால் ‘குடும்பப் பிரச்சினை’. அதுவும் இல்லையென்றால் ‘குடிப்பழக்கம்’. மூன்று வரியில் ஒரு மனிதரின் கணக்கு முடிந்துவிடும். மறுநாள் வேறொரு ஊர், வேறொரு பெயர், அதே மூன்று வரி.

இந்த வாக்கியம் பொய் என்று நாம் சொல்லவில்லை. வலி இருந்திருக்கலாம், வீட்டில் சண்டையும் நடந்திருக்கலாம். அந்த வலிக்கும் சண்டைக்கும் முன்னால் என்ன நடந்தது என்பதுதான் நம் கேள்வி. அதைக் கேட்க அதிகாரிக்கு நேரமில்லை. சொல்லக் குடும்பத்துக்குத் துணிவில்லை. கடன் என்று சொன்னால் கடன்காரர் வாசலில் வந்து நிற்பார். அவமானம் என்று சொன்னால் ஊரோடு பகை. மனநோய் என்று சொன்னால் வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு வரன் அமையாது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை வாங்கினால் போதும் என்று நிற்கிறவர்கள், ‘ஆமாங்கய்யா, வயித்து வலிதான்’ என்று சொல்லிவிட்டு வருகிறார்கள்.

இரண்டு பட்டியல்கள்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் நாடு முழுவதும் 1,64,033 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 18,925 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். காரணங்களின் பட்டியலில் குடும்பப் பிரச்சினை 33.2 சதவீதம், நோய் 18.6 சதவீதம். இரண்டையும் கூட்டினால் பாதிக்கு மேல். கடன் 3.9 சதவீதம்தான். வறுமை 1.1 சதவீதம்தான். இதை மட்டும் படிக்கிறவர், நம் மக்கள் பணக் கஷ்டத்தால் நொந்துபோவதே இல்லை என்று முடிவுக்கு வரலாம்.

அதே அறிக்கையில், இறந்தவர்கள் யார் என்ற பட்டியலும் இருக்கிறது. அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள், நான்கில் ஒருவர். ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாய்க்குக் கீழே உள்ளவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. காரணப் பட்டியலில் வறுமை நூற்றுக்கு ஒன்று. ஆள் பட்டியலில் ஏழைகள் மூன்றுக்கு இரண்டு. ஒரே புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

நாட்டில் ஏழைகள் அதிகம், அதனால் இறப்பிலும் அவர்கள் அதிகம் என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் அதற்கும் விடை இருக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரை, மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்ற நோயும் வருவது வசதியானவர்களைவிட ஒன்றரை முதல் மூன்று மடங்கு அதிகம் என்கிறது. வறுமை மனதைக் குலைக்கிறது. குலைந்த மனம் வேலையைக் கெடுத்து வறுமையைக் கூட்டுகிறது என்று அந்தக் கட்டுரை இருவழிப் பாதையைக் காட்டுகிறது. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகு தற்கொலைகள் குறைந்ததை இன்னொரு ஆய்வு பதிவு செய்திருக்கிறது. குறைவு 18 சதவீதம். கையில் நிச்சயமாக வரும் பணமும் மனதுக்கு மருந்தாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஏழைகள் எல்லாரும் மனநோயாளிகள் என்று இதற்குப் பொருள் அல்ல. அப்படிச் சொல்வது நம் மக்களுக்கு இன்னொரு இழிபெயர் சூட்டுவதாகும். மனநோய் பங்களாவிலும் வரும், குடிசையிலும் வரும். எந்த வீட்டில் அடிக்கடி வருகிறது, வந்தபின் எந்த வீட்டில் கவனிக்க ஆளில்லை என்பதில்தான் வேறுபாடு. அந்த வேறுபாட்டை வேலையும் கடனும் சாதியும் சேர்ந்து உண்டாக்குகின்றன.

தவணை கேட்கும் கதவு

முதலில் கடன். நம் காலனிகளில் இன்று ஒரு பெண்ணின் வாரத்தைக் கிழமை பார்த்துச் சொல்ல முடியாது. தவணை பார்த்துத்தான் சொல்ல முடியும். திங்கள் ஒரு குழு, புதன் ஒரு குழு, வெள்ளி ஒரு குழு. ஒரு குழுவின் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் வாங்குவது. அதைக் கட்டத் தண்டல்காரரிடம் வாங்குவது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவு, மழையில் இடிந்த சுவர் என்று வாங்கிய காரணங்கள் எல்லாம் நியாயமானவை. திருப்பிக் கட்டும் வழிதான் இல்லை.

குழுக்கடனின் ஏற்பாட்டைக் கவனியுங்கள். பத்துப் பெண்களில் ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்ற ஒன்பது பேரும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உலை வைக்க நேரமாகிறது, வேலைக்குப் போகும் வண்டி போய்விட்டது என்று ஒன்பது பேரும் அவளையே பார்ப்பார்கள். கடன் கொடுத்தவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அக்காவை வைத்தே திட்ட வைத்துவிடலாம். கஷ்டம் வந்தால் யார் மடியில் சாய்ந்து அழுவாளோ, அந்தத் துணையையே இந்தக் கடன் பறித்துவிடுகிறது.

ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தவணை கேட்டு நெருக்கக் கூடாது. விதி நல்ல விதிதான். ஆனால் கூலி வேலைக்குப் போனவர் வீடு திரும்புவதே 6 மணிக்கு மேல். வசூலுக்கு வருகிறவருக்கும் அது தெரியும். இந்த விதி எந்தக் காலனிச் சுவரிலாவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா?

கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், குறைதீர்க்கும் நாளில், கந்துவட்டியால் நொந்த கூலித் தொழிலாளி ஒருவரின் குடும்பம் இரண்டு பெண் குழந்தைகளோடு அழிந்ததை நாடே பார்த்தது. மனு கொடுத்தும் வழி பிறக்கவில்லை என்பதுதான் அன்று எழுந்த குற்றச்சாட்டு. 2025 ஏப்ரலில், கடனை வசூலிக்க மிரட்டுவதைத் தடுக்கும் மசோதா ஒன்றைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. சட்டங்கள் வரிசையாக வருகின்றன. அவை காலனிக்குள் வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆகும்?

கடனின் மறுபக்கம், வராத கூலி. நூறு நாள் வேலையில் 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. 2025-இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய நிலுவை ரூ.4,034 கோடி என்று நாடாளுமன்றத்துக்குள்ளும் வெளியிலும் குரல் எழுந்தது. தலைநகரில் அது ஒரு எண். கிராமத்தில் அது ரேஷன் கடை வரிசையிலும் மளிகைக்கடை நோட்டிலும் தலைகுனிந்து நிற்கிற அம்மாவின் தூக்கமற்ற இரவு.

வேலையே நோயாகும்போது

அடுத்தது வேலை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. பாதாளச் சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. செத்தவருக்கு ஒரு கணக்கு உண்டு. சாகாமல் மறுநாள் காலையும் அதே குப்பைக்கும் சாக்கடைக்கும் போகிறவரின் மனதுக்கு யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.

தூய்மைப் பணியாளர் ஒருவர் வேலை தொடங்கும் முன் ஏன் குடிக்கிறார் என்று கேட்டால், ‘நாத்தம் தாங்கலைங்க’ என்பார். அது பாதி விடைதான். நாற்றத்தோடு, அந்த வேலையைச் செய்வதால் தன்மேல் விழும் பார்வையையும் அவர் தாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் குடி பின்பு வீட்டுக்கும் வருகிறது. மனைவி அடி வாங்குகிறாள், பிள்ளைகள் பயந்து ஒடுங்குகிறார்கள். காவல் நிலையத்துக்குப் போகும்போது அது ‘குடும்பப் பிரச்சினை’ ஆகிவிடுகிறது. காரணத்தைச் சொல்வது அந்த அடிக்குச் சமாதானம் சொல்வதாகாது. அடித்தவர் அடித்ததற்குப் பொறுப்பு. ஆனால் அவரைப் புத்தி சொல்லி அனுப்பிவிட்டு, வேலையை அப்படியே விட்டுவைத்தால் எதுவும் மாறாது.

நிரந்தரமில்லாத வேலை இன்னொரு சுமை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் போராடியது தங்கள் மண்டலப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து. சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னால், நாளை இந்த வேலை இருக்குமா என்ற கேள்வி அவர்களைத் தெருவில் உட்கார வைத்தது. நம் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள் அந்தக் கேள்வியோடுதான் தினமும் படுக்கிறார்கள்.

படிப்பும் பணமும் மட்டும் போதாது

பொருளாதாரம் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் பதவி ஏற்றவர் அவர். தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். அவர் யார் என்று தெரிந்ததும் தடியோடு வந்தவர்கள் வெளியேறச் சொன்னார்கள். இரவு ரயில் வரும்வரை பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்தார். நாட்டிலேயே மிக உயர்ந்த படிப்புப் படித்த ஒருவருக்கு ஒரு நாள் மாலை உட்கார இடமாக ஒரு பூங்காதான் இருந்தது. பல ஆண்டுகள் கழித்தும் அவரால் அதை மறக்க முடியவில்லை, எழுதி வைத்தார்.

இன்று அரசு வேலை கிடைத்து டவுனில் வாடகை வீடு தேடுகிற நம் பிள்ளைகளுக்கு அந்தப் பூங்கா தெரிந்த இடம்தான். ‘நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?’ என்று சுற்றி வளைத்து வரும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பது, அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் யார் பக்கத்தில் உட்காருவது என்று தயங்குவது, ‘கோட்டாவில் வந்தவர்’ என்ற முணுமுணுப்பைக் காதில் விழாததுபோல் கடப்பது. ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். ஆனால் எந்நேரமும் காவல் காத்துக்கொண்டிருக்கிற மனதுக்கு ஓய்வு ஏது? இந்தியாவில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2020-இல் இதைப் புள்ளிவிவரமாகவே காட்டியது. சொத்தையும் படிப்பையும் சமமாக்கிப் பார்த்த பிறகும், பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் சாதி இந்துக்களைவிட அதிக மனத்துயரைச் சொல்கிறார்கள் என்பதே அதன் முடிவு. சாதியே தனியாக ஒரு பாரம்.

குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் தற்கொலை அறிக்கையில் சாதிவாரிக் கணக்கு இல்லை. ‘சமூக மதிப்பு இழப்பு’ என்று ஒரு காரணம் இருக்கிறது. சாதி இழிவு என்று தனியே ஒரு காரணம் இல்லை. எண்ணப்படாத துயரத்துக்கு நிதி ஒதுக்க முடியாது. இது நமக்குப் பழைய பாடம்.

மருந்து எங்கே இருக்கிறது?

நம் மக்கள் மனத்துயரை உடம்பால் சொல்கிறார்கள். ‘நெஞ்சு கனக்குது’, ‘கைகால் ஓயுது’, ‘தலை கிறுகிறுங்குது’, ‘சோறு இறங்கல’, ‘கண்ணை மூடினா தூக்கம் வரல.’ தமிழில் இதற்கு இத்தனை சொற்கள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் இதைச் சொன்னால் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கிடைக்கும். ‘என்னம்மா கவலை?’ என்று கேட்கத் தெரிந்தவர் இருந்தாலும், பின்னால் நிற்கும் கூட்டம் அவரைக் கேட்க விடாது.

பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை. மாவட்ட மனநலத் திட்டம் நம் மாநிலத்தில் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. ஆனால் மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட வேண்டும், பஸ்சுக்குப் பணம் வேண்டும், மாதாமாதம் போக வேண்டும். கூலிக்காரருக்கு இலவச மாத்திரையும் இலவசமில்லை.

வழி தெரியாதபோது குடும்பங்கள் எங்கே போகின்றன என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்வது எளிது. பக்கத்தில் வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்பதைக் கேட்பதுதான் கடினம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அரசு நடத்தும், அரசு நிதி பெறும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது அது. சாதி பார்க்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அதற்கான அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டணமில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது 115-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சிக்கான பழைய 309-ஆம் பிரிவு இல்லை. ஆனால் அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தில் முயன்றால் ஓராண்டு வரை சிறை என்று 226-ஆம் பிரிவு இருக்கிறது. மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தவர் ஆட்சியர் அலுவலக வாசலில் நிலைகுலைந்தால், அவருக்கு முதலில் கிடைக்க வேண்டியது மருத்துவரா, வழக்கா?

இந்த மாவட்டத்தில் இப்போதே முடிந்தவை

புதிய சட்டம் எதுவும் வேண்டாம். இருப்பதை வைத்தே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீடு வீடாக வருகிறார்கள். அவர்கள் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்கட்டும். கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்து நம்பிக்கையற்றுப் போகிறதா? ‘ஆம்’ என்பவரை மாவட்ட மனநலக் குழுவிடம் சேர்க்க ஒரு வழி வேண்டும். அந்தக் குழு மாதம் ஒரு நாளாவது ஞாயிற்றுக்கிழமையோ மாலை நேரமோ காலனிக்கு வர வேண்டும். கூலி போகாமல் பார்க்க முடிகிற நேரம் அதுதான்.

திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கடன் நெருக்கடி பற்றிய மனுக்களுக்குத் தனி மேசை வேண்டும். மனுவைப் பெறுகிறவரின் பக்கத்தில் ஒரு மனநல ஆலோசகர் உட்கார வேண்டும். தவணை வசூல் நேரம் பற்றிய ரிசர்வ் வங்கி விதியை ஒவ்வொரு ரேஷன் கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் ஒட்ட வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய கண்காணிப்புக் குழுவுக்கு மாவட்ட மனநல மருத்துவரை அழைக்க வேண்டும். வன்கொடுமைக்கு ஆளானவருக்கு நிவாரணத் தொகையைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை அதே ஊரில், அதே முகங்களுக்கு எதிரே அவர் நடமாட வேண்டும்.

தூய்மைப் பணியாளர்களுக்கான மருத்துவ முகாமில் எடையும் சர்க்கரையும் பார்ப்பதோடு, குடியிலிருந்து மீள விரும்புகிறவருக்குச் சிகிச்சையும் விடுப்பும் உறுதியாக வேண்டும். ஒப்பந்ததாரர் அந்த விடுப்புக்குக் கூலி பிடிக்கக் கூடாது.

நம் பக்கத்து வேலையும் உண்டு. பேசாமல் ஒதுங்கி உட்காருகிற அண்ணனை ‘கிறுக்கு’ என்று சொல்வதை நம் தெருவில் நிறுத்த வேண்டும். வேப்பிலை அடிப்பதில் நம்பிக்கை இருப்பவர் அடிக்கட்டும். அதோடு மருத்துவரிடமும் அழைத்துப் போகட்டும். ‘இருந்து என்ன பண்ணப்போறேன்’ என்று ஒருவர் சொன்னால், அதைப் பேச்சுவாக்கில் விடாமல், ‘என்ன ஆச்சு, சொல்லு’ என்று பக்கத்தில் உட்கார வேண்டும். அப்படிக் கேட்பதால் எண்ணம் கூடிவிடாது, பாரம் குறையும். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும், டெலி மானஸ் 14416 எண்ணிலும் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மனச்சோர்வு குணமாகக்கூடிய நோய். மாத்திரை எடுப்பதில் வெட்கம் இல்லை.

மாத்திரை வேண்டும். அதோடு கூலி சரியான நாளில் வர வேண்டும், தவணைக்காரர் விதிப்படி நிற்க வேண்டும், வேலை நிரந்தரமாக வேண்டும், சாதி சொல்லி இழிவுபடுத்தியவர்மேல் வழக்கு நடக்க வேண்டும். இவை எல்லாமே மனநலத் திட்டங்கள்தான். கண்காணிப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை எழுத்தாக வைக்க மாவட்டத்தின் எல்லா அமைப்புகளையும் அழைக்கிறோம். காவல் நிலையப் படிவத்தை நிரப்புகிற அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள்: ‘வயிற்று வலி’ என்று எழுதும் முன், அந்த வீட்டில் எத்தனை தவணை நிலுவையில் இருந்தது, எத்தனை வாரம் கூலி வரவில்லை, ஊரில் என்ன நடந்தது என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். விடையையும் எழுதுங்கள்.